மாவட்டத் தலைநகரில் பெற்றோர் ஆதரவுக் குழு: எப்படித் தொடங்குவது, எது சொதப்பும்?

தாமிரபரணிக் கரை

நெல்லை அளவுள்ள ஊர். டிஇஐசி என்று சொல்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில், தெரப்பிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பழக்கமான பெற்றோர் பன்னிரண்டு பேர். மாதம் ஒருமுறை கூடலாம் என்று முடிவு. பிள்ளைகளுக்கு வயது 3 முதல் 11 வரை. பெரும்பாலும் ஆட்டிசம், மூன்று பேருக்கு ஏடிஎச்டி (கவனக் குறைவு, மிகையான துறுதுறுப்பு), இரண்டு பேருக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்). ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை கிடைக்கும், வாடகை இல்லை. வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருக்கிறது. அதில் காலை வணக்கமும் கை வைத்திய ஃபார்வேர்டும்தான் ஓடுகிறது.

கேட்க வேண்டியது: எல்லாரையும் ஒரே குழுவில் வைக்கலாமா? பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? ஒரு தெரப்பிஸ்ட் தலைமை தாங்க முன்வந்திருக்கிறார், ஒத்துக்கொள்ளலாமா? சங்கமாகப் பதிவு செய்யணுமா? நடத்திப் பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். "பாசிட்டிவா இருங்க" மாதிரியான பதில் வேண்டாம்.

வேப்பம்பூ

நீங்க கேட்ட நாலு கேள்விக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. தகவல் சொல்ற நேரமும் மனசைக் கொட்டுற நேரமும் கலந்துடக் கூடாது. பெற்றோர் குழு உடையறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். ஒரு அம்மா "மாமியார் வீட்டுல என்னையே குத்தம் சொல்றாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. அவங்க முடிக்கறதுக்குள்ள பக்கத்துல இருக்கறவர் "யுடிஐடி கார்டு எடுத்துட்டீங்களா?"ம்பார், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. நல்ல எண்ணத்துலதான் கேக்கறார். ஆனா அந்த அம்மா அடுத்த மாசம் வர மாட்டாங்க. ஏன் வரலைன்னு யாருக்கும் தெரியாது.

ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரிங்க. முதல் 10 நிமிஷம் டீ, ஆள் சேர. அடுத்த 25 நிமிஷம் சுற்று: ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம், போன்ல டைமர். அந்தச் சுற்றுல யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, "ஆமாங்க எங்க வீட்டுலயும்"கூட வேண்டாம். பேச விருப்பமில்லைன்னா "அடுத்தவங்க"ன்னு விட்டுடலாம். அப்புறம் 35 நிமிஷம் ஒரே ஒரு விஷயம். 15 நிமிஷம் தகவல், அரசாங்க வேலை. கடைசி 5 நிமிஷம் அடுத்த கூட்டத்துக்கு யார் சாவி வாங்கறது, யார் டீ சொல்றதுன்னு முடிச்சிடலாம்.

சுற்றுக்கான கேள்வியும் முக்கியம். "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா "நல்லா இருக்கோம்"தான் வரும், நம்ம ஊர் வழக்கம் அது. "இந்த மாசம் வீட்டுல ஒரு நாள்ல எந்த நேரம் ரொம்ப இழுத்தடிக்குது?"ன்னு கேளுங்க. ஸ்கூல் வேன் வர்ற நேரம், குளிக்க வைக்கற நேரம், ராத்திரி ரெண்டு மணின்னு உண்மையான பதில் வரும்.

நடத்தறவங்க ரெண்டு பேரா இருக்கணும். ஒருத்தர் பேச்சை நகர்த்தணும், இன்னொருத்தர் முகங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். எழுந்து வெளியே போற ஆள் பின்னாடி போறது அந்த ரெண்டாமவர் வேலை.

ரெண்டாம் ஷிப்ட்

35 நிமிட விஷயத்தை எப்படி நடத்துவது என்று வேப்பம்பூ சொல்லவில்லை. அங்கேதான் அறிவுரை மழை கொட்டும்.

பேசப்போகிறவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: "கேட்டால் போதும்", அல்லது "வழி வேண்டும்". கேட்டால் போதும் என்றால் யாரும் எந்த யோசனையும் சொல்லக் கூடாது, கெட்டிக்காரத்தனமான யோசனையாக இருந்தாலும். வழி வேண்டும் என்றால் 5 நிமிடம் அவர் சொல்லட்டும்; 10 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கட்டும்; 15 நிமிடம் செய்து பார்த்ததைச் சொல்லட்டும், பிள்ளையின் வயதையும் அது எங்கே பலிக்கவில்லை என்பதையும் சேர்த்து. கடைசி 5 நிமிடத்தில் அவர் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மூன்று, நான்கு என்று அள்ளிக்கொண்டு போனால் எதையும் செய்ய மாட்டார்.

அந்தக் கேள்வி நேரத்தை வெட்டாதீர்கள். உதாரணத்துக்கு முடிவெட்டு. "சலூனில் கத்திக் கூப்பாடு போடுகிறான்" என்று ஒருவர் சொல்கிறார். கத்துவதற்குக் காரணம் மிஷின் சத்தமா, கழுத்தைச் சுற்றும் நைலான் துணியா, தண்ணீர் ஸ்ப்ரேயா, கழுத்தில் விழும் மயிரின் குத்தலா, காத்திருக்கும் நேரமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மிஷின் என்றால் கத்தரி மட்டும் போதும் என்று கடைக்காரரிடம் முதல் நாளே பேச வேண்டும். வீட்டில் மிஷினை ஓடாமல் கையில் கொடுத்து, பிறகு அடுத்த அறையில் ஓடவிட்டு, பல நாள் பழக்க வேண்டும். துணி என்றால் அவனுடைய பழைய டீ-ஷர்ட்டே போதும், வெட்டி முடித்ததும் கழற்றிப் போட்டுவிடலாம். காத்திருப்பு என்றால் ஞாயிறு காலை அறவே கூடாது; பல கடைக்குச் செவ்வாய் லீவு, புதன் மதியம் இரண்டு மணிக்குப் போனால் நாற்காலி காலியாக இருக்கும். கடை வாசல், நாற்காலி, கத்தரி, கண்ணாடி, வீடு என்று ஐந்து போட்டோவை வரிசையாக முதல் நாள் இரவும் கிளம்பும்போதும் காட்டினால் அடுத்து என்ன என்பது அவனுக்குத் தெரியும். கேள்வியே கேட்காமல் "எங்க பையனுக்குப் போன் கொடுத்து உட்கார வைப்போம்" என்றால் அது பதிலே ஆகாது.

கரிசல்காட்டு மழை

எல்லாரும் ஒரே குழுவில் இருக்கலாம் என்பதே என் கருத்து. பன்னிரண்டு பேரை நோயறிதல் பெயரை வைத்து மூன்றாக உடைத்தால் எந்தக் குழுவும் நிற்காது. மாதம் நான்கு பேர் வராமல் போவது சகஜம். எட்டுப் பேராவது இருந்தால்தான் சுற்று ஓடும். தவிர, ஒரே பிள்ளைக்கு ஆட்டிசமும் ஏடிஎச்டியும் சேர்ந்து இருப்பது அரிதல்ல. அந்தத் தாய் எந்தக் குழுவுக்குப் போவார்?

ரெண்டாம் ஷிப்ட்

பெயர் தடையில்லை, ஒத்துக்கொள்கிறேன். அன்றாடச் சுமை தடை. ஒன்பது வயதிலும் பேச்சு வராத, டயப்பர் போடும் பிள்ளையின் அம்மா ஒரு பக்கம். கணக்கில் 80 வாங்குகிறவன் தமிழில் ஃபெயில் ஆகிறானே என்று கலங்கும் அப்பா மறு பக்கம். இரண்டுமே நிஜமான கவலை. ஆனால் முதலாமவர் இருக்கும்போது இரண்டாமவர் வாயைத் திறக்கக் கூச்சப்படுவார். திறந்தால் முதலாமவர் சுருங்கிப் போவார். சுற்றை எல்லாரும் சேர்ந்து முடித்துவிட்டு, 35 நிமிடத்துக்கு மட்டும் இரண்டு வட்டமாகப் பிரியலாம். எந்த வட்டம் என்பதை அவரவரே முடிவு செய்யட்டும்.

கரிசல்காட்டு மழை

அப்படியானால் சரி. ஒரு விதி சேர்க்க வேண்டும்: "உங்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்ற வாக்கியமும், "எங்க புள்ளைக்கு ஸ்பீச் வந்துருச்சு, நீங்களும் முயற்சி பண்ணா வந்துரும்" என்ற வாக்கியமும் குழுவில் கூடாது. இரண்டாவதுதான் அதிகம் காயப்படுத்துகிறது. முயற்சி செய்யாததால் வரவில்லை என்று பொருள்படுகிறது அல்லவா.

நூல்கண்டு

பிள்ளைகள் விஷயம். கூட்டி வரக் கூடாதுன்னு சொன்னா பாதிப் பேர் வரவே முடியாது, விட்டுட்டு வர ஆள் இருந்தா அவங்களுக்கு இந்தக் குழுவே இவ்வளவு தேவைப்படாது. அதனால ரெண்டு அறை கட்டாயம். ஒண்ணுல பெரியவங்க, இன்னொண்ணுல பிள்ளைங்க. நடுவுல கதவு இருக்கணும், சத்தம் கேக்கற தூரத்துல இருக்கணும்.

பிள்ளைங்க அறைக்கு:

நாலு பிள்ளைக்கு ரெண்டு பெரியவங்க வீதம். யாரும் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது, பாத்ரூம் கூட்டிட்டுப் போறதுன்னா அந்தப் பிள்ளையோட அம்மா அப்பாவைத்தான் கூப்பிடணும். காலேஜ் பசங்க தன்னார்வமா வந்தாலும் இதுல விலக்கு இல்லை.

உள்ளே நுழையற முதல் ஆள் பார்க்க வேண்டியது வெளிக்கதவு. திடீர்னு ஓடிப்போற பழக்கம் இந்தப் பிள்ளைங்கள்ல பலருக்கு உண்டு, அதுலயும் தண்ணி பக்கம் ஈர்ப்பு அதிகம். பள்ளிக்கூட வளாகத்துல மூடாத கிணறு, தொட்டி, சம்ப் இருக்கான்னு ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே போய்ப் பாருங்க. கேட்டைப் பூட்டி சாவியை ஒரு ஆள் கழுத்துல மாட்டிக்கணும். ஆணியில தொங்கவிட்டா எடுத்துடுவாங்க.

வெளிச்சமும் சத்தமும் அடுத்து. துடிக்கற டியூப்லைட் இருந்தா அதை அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல இருக்கலாம். கடகடன்னு அடிக்கற ஃபேனை விட சும்மா இருக்கற ஃபேன் நல்லது. ஒரு மூலையில ரெண்டு பெஞ்சுக்கு மேல போர்வை போட்டு அடியில பாய் விரிச்சா ஒதுங்கற இடம் ரெடி. அதுக்குள்ள போற பிள்ளையை "வெளியே வா, எல்லாரோடயும் விளையாடு"ன்னு இழுக்கக் கூடாது, அது அதுக்காகத்தான்.

விளையாட்டுச் சாமான்ல மணி, கோலிக்குண்டு, பட்டன் பேட்டரி போட்ட பொம்மை வேண்டாம். வாயில போடற பிள்ளைங்க இருப்பாங்க. அரிசித் தொட்டிக்குப் பதிலா சப்பாத்தி மாவு பிசைஞ்சு வைக்கலாம், கோதுமை அலர்ஜி உள்ள பிள்ளை இருக்கான்னு கேட்டுட்டு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அதுல கூப்பிடற பேரு, எதுல அமைதியாவான், எதுல பதறுவான், அலர்ஜி, வலிப்பு உண்டா, தண்ணி வேணும்னா எப்படிக் காட்டுவான், யார் கூட்டிட்டுப் போகலாம், போன் நம்பர். வலிப்பு ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்ல மத்த பிள்ளைகளைவிட அதிகம், அதனால பார்த்துக்கறவங்களுக்குச் சொல்லியே ஆகணும்: ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, சாவிக்கொத்தைக் கையில கொடுக்காதீங்க, மணி பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா 108. டாக்டர் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தா அது எங்க இருக்குன்னும் அட்டையில எழுதணும்.

வேப்பம்பூ

நூல்கண்டு சொன்ன அட்டையைக் கூட்டம் முடிஞ்சதும் பெற்றோர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. பள்ளிக்கூட மேஜையில விட்டுட்டுப் போனா அடுத்த நாள் ஆறாம் கிளாஸ் பசங்க கையில இருக்கும்.

கரிசல்காட்டு மழை

தெரப்பிஸ்ட் தலைமை வேண்டாம். நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்த நிமிடம் எல்லா முகமும் அவரைப் பார்த்துத் திரும்பிவிடும். பெற்றோர் ஒருவரோடொருவர் பேசுவது நின்றுபோகும். அவரிடமே பிள்ளையை அனுப்புகிறவர் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று எப்படிச் சொல்வார்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை விருந்தினராக அழைக்கலாம். 20 நிமிடம், கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட வேண்டும், விசிட்டிங் கார்டு, இலவச அசெஸ்மென்ட் முகாம், கோர்ஸ் விற்பனை எதுவும் கூடாது.

பயிற்சி என்பது தனி. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது. ஒன்பது குழு அமர்வும் மூன்று வீட்டு வருகையும் கொண்டது. அந்தப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் வேறு நாளில் வையுங்கள். மாதக் கூட்டத்தை வகுப்பாக்காதீர்கள்.

அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1971-ல் 'பைலட் பேரன்ட்ஸ்' என்று தொடங்கிய முறை இன்னும் பயன்படுகிறது. புதிதாக நோயறிதல் கேட்ட குடும்பத்தை, அதே பாதையில் சற்று முன்னால் போயிருக்கும் பெற்றோர் ஒருவருடன் இணைப்பார்கள். குழுவுக்கு வரத் தயங்குகிறவர்களுக்கு நம் ஊரிலும் இதுதான் பொருந்தும். ஆள் சேர்க்கும்போது பிள்ளையின் வயதைவிடத் தேவை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்து வருடம் முன்னால் இருப்பவரை இணைக்காதீர்கள். அவர் பேசும் தொழிற்பயிற்சி, கார்டியன்ஷிப் (சட்டப்படியான காப்பாளர் நியமனம்) எல்லாம் இரண்டரை வயதுப் பிள்ளையின் தாய்க்குப் பயத்தைத்தான் தரும். இரண்டு மூன்று வருடம் முன்னால் இருப்பவர் போதும். பெயர் கிடைத்த ஓரிரு நாளில் முதல் அழைப்பு போய்விட வேண்டும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் நான்கு முறையாவது பேசிவிட்டு, தொடரலாமா என்று கேட்க வேண்டும். முடிவு தேதி இல்லாத துணை, துணை செய்பவரைத் தின்றுவிடும்.

பூவரசம் பீப்பி

வாட்ஸ்அப்பைப் பற்றி யாரும் பேசலையே. இருக்கிற குழுவைச் சீர்திருத்த முடியாது, விட்டுடுங்க. புதுசா ரெண்டு ஆரம்பிங்க. ஒண்ணு அறிவிப்புக்கு மட்டும், அட்மின் மட்டும் எழுதற மாதிரி. இன்னொண்ணு பேச்சுக்கு. பேச்சுக் குழுவுக்கு இவ்வளவு போதும்:

பிள்ளைங்க போட்டோ, வீடியோ வேண்டாம். பிள்ளை தாங்க முடியாம நிலைகுலைஞ்சு கத்தற மெல்ட்டவுன் வீடியோ அறவே கூடாது, "டாக்டரம்மா பார்த்துச் சொல்லுங்க"ன்னு போட்டாலும் நீக்கிடணும். அந்தப் பையனுக்கு 16 வயசாகும்போது அது யார் போன்ல இருக்கும்னு யாருக்குத் தெரியும். யுடிஐடி கார்டு, ஆதார், மருத்துவ ரிப்போர்ட் படம் வேண்டாம். மருந்துப் பேர் கேக்கலாம், டோஸ் சொல்லக் கூடாது. ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் அமைதி. அவசரம்னா எழுதாதீங்க, போன் பண்ணுங்கன்னு ரெண்டு பேர் நம்பரைக் குழு விவரத்துல பின் பண்ணி வைங்க.

ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தர் "இனிமே முடியாது"ன்னு எழுதி, காலையில பதினெட்டுப் பேர் கைகூப்பற ஸ்மைலி போட்டு நகர்ந்து போறதை விட மோசமான குழு கிடையாது.

வேப்பம்பூ

பீப்பி தொட்ட இடத்துலயே நிக்கறேன். முதல் கூட்டத்துலயே நடைமுறையைப் பேசி வைக்கணும். ஒருத்தர் "செத்துடலாம்னு தோணுது"ன்னா "அப்படிப் பேசாதீங்க, பிள்ளை முகத்தைப் பாருங்க"ன்னு வாயை அடைக்காதீங்க. தனியா கூட்டிட்டுப் போய் நேரா கேளுங்க: "உயிரை விடணும்னு நினைக்கறீங்களா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேக்கறதால அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருக்கறதைச் சொல்ல வழி கிடைக்கும். வழி யோசிச்சிருக்காங்கன்னா தனியா விடாதீங்க, வீட்டுல ஒரு ஆளுக்குச் சொல்லுங்க, மாத்திரை, பூச்சி மருந்து கைக்கு எட்டாம எடுத்து வைக்கச் சொல்லுங்க. டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு இல்லை. உடனடி ஆபத்துன்னா 108.

பிள்ளையையும் சேர்த்து யோசிக்கிறாங்களான்னும் கேக்கணும். கேக்கக் கஷ்டமான கேள்விதான்.

"இங்க பேசறது வெளியே போகாது"ன்னு சொல்றப்பவே விதிவிலக்கையும் சொல்லிடுங்க: யாராவது உயிருக்கு ஆபத்துன்னா, ஒரு பிள்ளையை யாராவது அடிச்சு வதைக்கறாங்கன்னு தெரிஞ்சா, நடத்தறவங்க ரெண்டு பேரும் சும்மா இருக்க மாட்டாங்க. குழந்தைக்கு 1098. இதை முன்னாடியே சொல்லாம அப்புறம் செஞ்சா நம்பிக்கைத் துரோகம்னு ஆகிடும்.

ஆவாரங்காடு

தகவல் சொல்லும் அந்த 15 நிமிடத்துக்கு என் பங்கு. முதல் மூன்று மாதத்தை யுடிஐடிக்கே ஒதுக்கலாம், சிக்கல் அங்கேதான் நிறைய.

விண்ணப்பம் ஸ்வாவலம்பன் இணையதளத்தில். பிள்ளையின் போட்டோ, ஆதார், முகவரிச் சான்று, மருத்துவமனைத் தேர்வு, பிறகு நேரில் மதிப்பீடு. திரும்பி வருகிற காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால்; பிரவுசிங் சென்டர்காரர் அவருடைய மொபைல் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓடிபி அவருக்கே போய்க்கொண்டிருப்பது; ஆட்டிசம் என்ற வகைக்குப் பதிலாக அறிவுசார் குறைபாட்டை டிக் செய்வது. கடைசியைத் திருத்துவது பெரும்பாடு. சமர்ப்பிக்கும் முன் திரையை இன்னொருவர் படித்துப் பார்க்கட்டும். குழுவில் லேப்டாப் வைத்திருக்கும் ஒருவர் கூட்டம் முடிந்து அரை மணி உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும்.

கார்டு நிறம்: குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைக்கு 40 தான் வாசல்.

ஆட்டிச மதிப்பீட்டுக்கு இந்தியாவில் பயன்படும் ஐசா அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; கூடினால் குறைபாடு அதிகம் என்று பொருள். பெற்றோரிடம் கேட்டும், பிள்ளையைப் பார்த்தும் போடுவார்கள். அங்கே போய் "எல்லாம் நல்லா பண்ணுவான் மேடம்" என்று பெருமை பேசி மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். மிகைப்படுத்தவும் கூடாது. போவதற்கு முன் ஒரு வாரம், எத்தனை முறை உதவி தேவைப்பட்டது, எதற்கு என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

நிராமயா இன்சூரன்ஸ் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையுடையது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. தெரப்பிச் செலவுக்கும் உள்வரம்பு உண்டு, அதனால் பில்லில் தேதியும் தெரப்பிஸ்ட் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். புதுப்பிக்க மறந்துவிடுவதுதான் வழக்கமான இழப்பு. மார்ச் முதல் வாரத்தில் அறிவிப்புக் குழுவில் ஒரு வரி போடுவதை ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

தாமிரபரணிக் கரை

ஏடிஎச்டி உள்ள மூன்று பேருக்கும் யுடிஐடி எடுக்கலாமா?

ஆவாரங்காடு

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. அதை மட்டும் வைத்துக் கார்டு கிடைக்காது. கூடவே குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருந்தால் அந்த வகையில் போகலாம். டிஸ்லெக்சியாவும் அதில்தான் வரும். ஆனால் கற்றல் குறைபாட்டுச் சான்று 8 வயதுக்கு முன் கொடுப்பதில்லை. 14-லும் 18-லும் மறுமதிப்பீடு. பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களைத் தயார் செய்ய வேண்டும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் ஓடினால் கையெழுத்து கிடைக்காது. எழுதித் தருபவருடன் குறைந்தது சில மாதிரித் தேர்வாவது பழக வேண்டும், இல்லையென்றால் சொல்லத் தெரியாமல் பிள்ளை திணறும்.

இந்தத் தகவலை ஏடிஎச்டி பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டம் கூட்டமாகக் கார்டு பற்றியே பேசிவிட்டு, அவர்களுக்கு எதுவும் இல்லை என்று மூன்றாம் மாதம் தெரியவருவது நியாயமில்லை. அவர்களுக்குப் பள்ளியில் கேட்க வேண்டியவற்றைத் தனியாகப் பட்டியலிடலாம்: முன்வரிசை இடம், ஹோம்வொர்க்கைப் பிரித்துக் கொடுப்பது, நடுவில் எழுந்து கரும்பலகை துடைக்க அனுமதி. ஆசிரியரிடம் வாய்ப்பேச்சாக மட்டும் விடாமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்தால் அடுத்த வருட ஆசிரியருக்கும் போகும்.

ரெண்டாம் ஷிப்ட்

அதிசய சிகிச்சை விஷயம் விட்டுப்போனது. குழு வளர்ந்ததும் முதலில் உள்ளே வருகிறவர் அதை விற்கிறவர்தான். ஸ்டெம் செல், உலோகம் நீக்கும் கீலேஷன், ஆக்சிஜன் அறை, லட்ச ரூபாய் டயட் பேக்கேஜ். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்கு வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. கீலேஷனில் 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்திருக்கிறான்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பெற்றோரைக் கூட்டத்தில் வைத்து ஏமாளி ஆக்காதீர்கள். அவர் குழுவை விட்டுவிட்டு அந்த சென்டரிலேயே இன்னும் ஆழமாகப் போவார். தனியாக மூன்று கேள்வி கொடுங்கள்: என்ன மாறும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? மாறவில்லை என்றால் எப்போது நிறுத்துவார்கள்? தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் ஸ்பீச், ஓடி (ஆக்குபேஷனல் தெரப்பி) வகுப்பை நிறுத்தச் சொல்கிறார்களா? மூன்றாவதற்கு ஆமாம் என்றால் அங்கிருந்து கிளம்ப வேண்டியதுதான்.

பூவரசம் பீப்பி

அப்பாக்களைப் பத்தியும் ஒரு வரி. ஹால்ல வட்டமா உட்கார வெச்சு "உணர்வைச் சொல்லுங்க"ன்னா நம்ம ஊர் ஆம்பளைங்க செருப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வேலை கொடுங்க. பெஞ்ச் நகர்த்தறது, கேட் சாவி, யுடிஐடி திரை சரிபார்க்கறது. நூல்கண்டு சொன்ன கிணறு பார்க்கற வேலையை அவங்ககிட்ட விடுங்க. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை பண்ணும்போது தானா பேச்சு வரும். தனியா ஒரு டீக்கடைச் சந்திப்பு ஞாயிறு காலை ஆறரைக்கு வெச்சாலும் வருவாங்க.

பாட்டி தாத்தாவுக்கு வருஷத்துல ஒரு கூட்டம் தனியா. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்"ங்கறதுக்கு மருமக பதில் சொன்னா எடுபடாது. இன்னொரு பாட்டி சொன்னா எடுபடும்.

நூல்கண்டு

பெற்றோர்லயே சிலருக்கு ஆட்டிசமோ ஏடிஎச்டியோ இருக்கும். பிள்ளைக்கு அசெஸ்மென்ட் பண்ணும்போதுதான் தங்களுக்கும் அதே மாதிரின்னு புரியும். அவங்களுக்காக: நிகழ்ச்சி நிரலை ரெண்டு நாள் முன்னாடி எழுத்துல அனுப்புங்க, சுற்றுல பேசறதுக்குப் பதிலா எழுதிக் கொடுக்கலாம்னு வைங்க, கண்ணைப் பார்த்துத்தான் பேசணும்னு இல்லை, நடுவுல எழுந்து நடக்கலாம். செலவு ஒரு பைசா இல்லை.

வளர்ந்த ஆட்டிசக்காரர் ஒருத்தரைப் பேச அழைக்கறதும் நல்லதுதான். ஆனா பயணச் செலவும் சம்பளமும் கொடுங்க, டாக்டருக்குக் கொடுக்கற மாதிரியே. கேள்வி முன்கூட்டியே போகணும். "நீங்க எப்படி நார்மலா ஆனீங்க?"ன்னு ஒரு ஆள் நிச்சயமா கேப்பார், அதை நடத்தறவர் மறிக்கணும். பிள்ளைங்க காதுல விழற தூரத்துல "இதைப் பெத்து நான் படற பாடு"ன்னு பேசக் கூடாதுங்கற விதியும் இதோட சேர்ந்ததுதான். பேசாத பிள்ளைக்குக் கேக்கும்.

கரிசல்காட்டு மழை

பதிவு பற்றிய கேள்வி மீதம் இருக்கிறது. முதல் வருடம் வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் போதும். ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு, தணிக்கை, ஆண்டுக் கூட்டம், தலைவர் யார் என்ற சண்டை எல்லாம் சேர்ந்தே வரும். நன்கொடை வாங்கவோ, தேசிய அறக்கட்டளையில் பெற்றோர் சங்கமாகச் சேரவோ தேவை வரும்போது பதிவு செய்யலாம். அதுவரை டீ, பிஸ்கட்டுக்கு ஒரு டப்பா வைத்து, முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். மாதச் சந்தா என்று வைத்தால் கட்ட முடியாதவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

குழு நன்றாக நடக்கிறதா என்று தலையை எண்ணிப் பார்க்காதீர்கள். ஒருமுறை வந்தவர் இரண்டாம் முறை வந்தாரா என்று மட்டும் குறித்து வையுங்கள். வராதவருக்கு இரண்டு நாளுக்குள் ஒரு போன், "ஏன் வரலை?" என்று கேட்காமல், "அடுத்த கூட்டம் இந்தத் தேதி, முடிஞ்சா வாங்க" என்று.

தாமிரபரணிக் கரை

எல்லாருக்கும் நன்றி. தெரப்பிஸ்டிடம் விருந்தினராக வரச் சொல்லிப் பேசியாகிவிட்டது, ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணி. இரண்டு அறை, நடத்த இரண்டு பேர், பிள்ளைகள் அறைக்கு ஆறு பேர் சுழற்சியில். பள்ளி வாசலில் "ஆட்டிசம் பெற்றோர் சந்திப்பு" என்று ஒரு ஃபிளெக்ஸ் கட்டலாம் என்று யோசனை.

பூவரசம் பீப்பி

ஃபிளெக்ஸ் வேண்டாங்க. சொந்தக்காரங்களுக்கே இன்னும் சொல்லாதவங்க அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டாங்க. "பெற்றோர் கூட்டம், அறை 4"ன்னு ஒரு ஏ4 தாள் ஒட்டினாப் போதும். டிஇஐசி நோட்டீஸ் போர்டுல மட்டும் விவரத்தைப் போட்டு ஒரு போன் நம்பர் கொடுங்க, எடுக்கறவர் பொம்பளையா இருந்தா அம்மாக்கள் தயங்காம கூப்பிடுவாங்க. 10 மணிங்கறதை 10.30 ஆக்கிக்கோங்க, ஞாயிறு காலையில கறிக்கடைக்குப் போயிட்டு வந்துதான் வீடு கிளம்பும்.